52, 52, 52

டிப்ளமோ முடித்த கையோடு கோவைப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மெஷின் ஷாப் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். லேத் செக்‌ஷனில் ஆறு மெஷின், ஆறு டர்னர்கள். மோட்டார் ஷாஃப்ட் கடைசல். ஷிப்ட் முடிந்ததும் அவரவர் எண்ணிக்கையை புரொடக்‌ஷன் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கை கழுவப் போவார்கள். சேர்ந்த இரண்டாம் வாரம் அந்த நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். 52, 52, 51, 52, 52, 52. திங்கட்கிழமையும் 52, சனிக்கிழமையும் 52. மதியம் இரண்டு மணி நேரம் கரண்ட் போன நாளிலும் 52.

எதையோ கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் நோட்டைத் தூக்கிக்கொண்டு மேனேஜரிடம் ஓடினேன். "ஆறு மணி நேரத்துல 52 வருதுன்னா எட்டு மணி நேரத்துல 69 வரணுமே" என்றார். அடுத்த திங்கள் முதல் டார்கெட் 65.

அதன்பின் டூல் பிட் அடிக்கடி உடைந்தது. கூலன்ட் பம்ப் அடைத்துக்கொண்டது. ரிஜெக்‌ஷன் கூடியது. எண்ணிக்கை 45-க்கும் கீழே போனது. யாரும் முறைக்கவில்லை, குரல் உயர்த்தவில்லை. "வணக்கம் சார்" தவறாமல் வந்தது. நான் போய் நின்றால் மட்டும் டீ டம்ளரோடு நின்ற கூட்டம் கலைந்துபோனது.

ஒரு மாதம் இப்படி ஓடியது. செக்‌ஷனில் மூத்த டர்னர், என் அப்பா வயதுக்காரர், ஒருநாள் எல்லோரும் கிளம்பியபின் என்னைக் கூப்பிட்டார். "ஏனுங் சார், அன்னைக்குக் கரண்ட் இல்லாதப்ப 52 எப்படி வந்துச்சுன்னு எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே?" மெஷினுக்கு அடியிலிருந்த டூல் பாக்ஸை இழுத்துத் திறந்து, எண்ணெய்ப் பிசுக்கேறிய காட்டன் வேஸ்ட்டை விலக்கினார். வரிசையாக ஒன்பது ஷாஃப்ட். அளவு பிசகாமல் கடைந்தவை. எந்தக் கணக்கிலும் ஏறாதவை. "காய்ச்சல் வந்தா, கரண்ட் போனா, பேத்திக்குக் காதுகுத்துன்னு நேரத்தோட கிளம்புனா, இதுல இருந்து எடுத்து வெச்சுக்குவோமுங்க."

புதிதாக சூப்பர்வைசர், லைன் இன்சார்ஜ், டீம் லீடர் பொறுப்புக்கு வந்திருப்பவர்களுக்கு இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது அந்த ஒன்பது ஷாஃப்டைப் பற்றித்தான். எண்ணிக்கை குறைந்தால் நாம் பதறுகிறோம், கூடினால் பாராட்டுகிறோம். அசையாமல் நின்றால் மட்டும் அதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. உங்களை உட்கார வைத்து யோசிக்கச் செய்ய வேண்டிய எண் அதுதான்.

ஹாதார்ன் ஆலையின் பின்னறை

இது நம் ஊர்க்காரர்களின் சாமர்த்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் சிகாகோ நகரை ஒட்டிய சிசரோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனிக்கு ஹாதார்ன் என்ற பெரிய ஆலை இருந்தது. டெலிபோன் கருவிகள் செய்த இடம். 1924-ல் தொடங்கி எட்டொன்பது ஆண்டுகள் அங்கே நடந்த ஆய்வுகள்தான் வேலையிட ஆய்வுத் துறைக்கே அஸ்திவாரம் என்பார்கள். மேனேஜ்மென்ட் வகுப்புக்குப் போனவர்கள் ஒரு கதை கேட்டிருப்பீர்கள்: விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினார்கள், உற்பத்தி கூடியது; குறைத்தார்கள், அப்போதும் கூடியது; ஆகவே நம்மைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தாலே ஆட்கள் உற்சாகமாக வேலை செய்வார்கள்.

கதை நன்றாக இருக்கிறது, சரக்கு கம்மி. அந்த வெளிச்ச ஆய்வின் பழைய பதிவுகளைத் தேடியெடுத்து ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் மறுபடி கணக்குப் போட்டு 2011-ல் வெளியிட்டார்கள். கதையில் வருகிற அளவுக்கு அதில் ஒன்றும் தேறவில்லை. 1927-ல் தொடங்கிய ரிலே அசெம்பிளி அறை ஆய்விலும் ஒரு சங்கதி உண்டு. அறையில் இருந்த பெண்களில் இருவர், அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைப்பில்லை என்று 1928 ஜனவரியில் மாற்றப்பட்டார்கள். அந்த இடத்துக்கு வந்த இருவரும் கை வேகமானவர்கள். அதற்கப்புறம் உற்பத்தி கூடியதற்கு அன்பான மேற்பார்வைதான் காரணம் என்று எழுதினால், கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

நமக்கு உதவுவது அதே ஆலையில் கடைசியாக, 1931 நவம்பர் முதல் 1932 மே வரை, தனியறை ஒன்றில் நடந்த ஆய்வு. பேங்க் வயரிங் அறை என்று அதற்குப் பெயர். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் சுவிட்சுகளுக்கு வயர் கட்டும் ஒன்பது பேர், சால்டரிங் வைக்கும் மூன்று பேர், இன்ஸ்பெக்டர்கள் இரண்டு பேர், ஆக 14 ஆண்கள். மூலையில் ஒரு மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்து பார்த்ததையெல்லாம் எழுதினார். வேறு எந்த மாற்றமும் இல்லை. வெளிச்சத்தைக் கூட்டவில்லை, இடைவேளை தரவில்லை, சம்பளத்தைத் தொடவில்லை.

சம்பள முறை குழு பீஸ் ரேட். எல்லோரும் சேர்ந்து எவ்வளவு முடிக்கிறார்களோ அதற்கேற்ப எல்லோருக்கும் கூடும். கம்பெனி போட்ட கணக்கு என்னவென்றால், மந்தமானவனை மற்றவர்களே முடுக்குவார்கள். அறைக்குள்ளே நடந்தது நேர்மாறு. ஒரு நாளைக்கு ஒருவருக்கு இரண்டு செட், அதாவது வேலையின் வகையைப் பொறுத்து 6,000 அல்லது 6,600 இணைப்பு, போதும் என்று அவர்களாகவே வைத்துக்கொண்டார்கள். காலையில் மளமளவென்று முடித்துவிட்டு மதியத்துக்குமேல் கையை மெதுவாக ஓட்டுவார்கள். கூடுதலாகச் செய்ததை இன்று சொல்லாமல், குறைகிற நாளில் சேர்த்துச் சொல்வார்கள். ஆகவே ஏட்டில் ஏறியது நேர்கோடு. அந்த ஏட்டைப் பற்றிப் படித்தபோது எனக்கு என் டூல் பாக்ஸ்தான் ஞாபகம் வந்தது.

அவர்களுக்குள் நாலைந்து கட்டளை இருந்தது. அளவுக்கு மேல் செய்தால் நீ ரேட்டைக் கெடுக்கிறவன். அளவுக்குக் கீழே செய்தால் மற்றவன் உழைப்பில் குளிர் காய்கிறவன். மேலே போய்ச் சொன்னால் கோள்மூட்டி. இன்ஸ்பெக்டராக இருந்தாலும் இன்ஸ்பெக்டர் ஜம்பம் காட்டக் கூடாது. மீறினால் முதலில் கேலி, பட்டப்பெயர். அடுத்து மேற்கையில் ஓங்கி ஒரு குத்து. வாங்கியவன் திருப்பி ஒன்று விடலாம், அதோடு சரி. சின்னப் பிள்ளைகள் விளையாட்டுப் போலத் தோன்றும். ஆனால் ஆலையின் சம்பளத் திட்டம் சாதிக்காததை அந்தக் குத்து சாதித்தது.

இன்னொன்றும் கவனித்தார்கள். ஆட்களுக்கு அறிவுத்திறன், கைத்திறன் சோதனை வைத்துப் பார்த்தால், அதற்கும் உற்பத்திக்கும் சம்பந்தமே இல்லை. அறிவுத்திறனில் முதலில் வந்தவர்தான் உற்பத்தியில் கடைசி. "அவனுக்கு வேலை வராது சார்" என்று ஒரு ஆளை ஒதுக்கி வைக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். வேலை வரும், எவ்வளவு வர வேண்டும் என்பதை முடிவுசெய்வது அவர் கை மட்டுமல்ல.

அறைக்குள்ளேயே இரண்டு அணி. முன்பக்கம் இருந்தவர்கள் தங்களை ஒரு படி உசத்தியாக நினைத்தார்கள். அவர்கள் கொஞ்சமாக சாக்லெட் வாங்குவார்கள்; பின்பக்கத்தார் விலை குறைந்த மிட்டாயை நிறைய வாங்குவார்கள். முன்னே காசு வைத்துச் சூதாட்டம், பின்னே குத்துவிளையாட்டு. சன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை. ஆர்கனைசேஷன் சார்ட்டில் இது எதுவும் இருக்காது. மத்தியானம் யார் யாரோடு டிபன் பாக்ஸ் திறக்கிறார்கள், யார் குழம்பு யார் தட்டுக்குப் போகிறது என்று ஒரு வாரம் பார்த்தால் உங்கள் செக்‌ஷனிலும் எங்கே கோடு ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

மூலையில் உட்கார்ந்தவர் என்ன செய்தார்

அந்த ஆய்வாளருக்குத் தரப்பட்ட கட்டுப்பாடுகள் இன்றைக்கும் செல்லும். உத்தரவு போடக் கூடாது. வாக்குவாதத்தில் தானாகப் போய் விழக் கூடாது. பேச்சில் வலிந்து நுழையக் கூடாது. காதில் விழுந்த ரகசியத்தை வெளியே விடக் கூடாது. நடையிலும் பேச்சிலும் தான் வேறு ஆள் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. முதலில் அவரையும் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். வாரங்கள் போகப் போக, அவர் இருப்பதையே பொருட்படுத்தாமல் வேலையை மாற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள். வயர் கட்டுபவர் சால்டர் வைப்பார், சால்டர் வைப்பவர் வயர் கட்டுவார். விதிப்படி அது கூடாது. இவரைத் தவிர இன்னொருவர், அந்த அறைக்குள் கால் வைக்காமல், ஆட்களை வெளியே தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பார்ப்பது ஒருவர், கேட்பது இன்னொருவர்.

உங்களுக்கு அந்த வசதி இல்லை. நீங்கள்தான் உத்தரவு போடுபவர், நீங்கள்தான் லீவு சாங்ஷன் செய்பவர். ஆகவே "நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன், மனசுல உள்ளதைச் சொல்லுங்க" என்று கேட்டால் பதில் வராது; வந்தாலும் நம்பாதீர்கள். உங்களால் முடிந்தது வேறு. பொறுப்பேற்ற முதல் மாதம் எதையும் மாற்றாதீர்கள். ஒரு பாக்கெட் நோட்டு வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒரு விஷயம் எழுதுங்கள்: யார் யாருக்கு டூல் கொடுத்தார், யார் வராதபோது யார் மெஷினைப் பார்த்துக்கொண்டார், புதிதாக வந்த பையனுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது யார். பெயர்களுக்குப் பதில் நீங்கள் மட்டும் அறிந்த குறி போடுங்கள். அந்த நோட்டு ஒருநாள் கேன்டீன் மேசையில் மறந்து கிடந்தால், அதன்பின் உங்களால் அந்த ஷெட்டில் எதையும் பார்க்க முடியாது.

பழைய எண்ணிக்கையைப் படிக்கும்போது சராசரியைத் தேடாதீர்கள். ஏற்ற இறக்கத்தைத் தேடுங்கள். மெஷின் பழுதான நாள், மெட்டீரியல் தாமதமான நாள், ஆள் குறைந்த நாள் மூன்றையும் மெயின்டனன்ஸ் ரிஜிஸ்டரிலும் ஸ்டோர் புக்கிலும் குறித்துக்கொண்டு, அந்த நாட்களின் உற்பத்தியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் எங்கோ ஒரு டூல் பாக்ஸ் இருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்கப் போகாதீர்கள். எதற்காக அது தேவைப்பட்டது என்று மட்டும் யோசியுங்கள்.

பயத்துக்குக் கணக்கு உண்டு

ஹாதார்ன் ஆய்வை 1939-ல் புத்தகமாக எழுதிய ரோத்லிஸ்பெர்கரும் டிக்சனும், அந்த ஆட்களின் பயத்தை ஓர் உணர்ச்சி விவகாரமாகத்தான் பார்த்தார்கள். கூடுதலாகச் செய்தால் ரேட்டைக் குறைத்துவிடுவார்கள், ஆளைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயத்துக்கு ஆட்களின் சொந்த அனுபவத்தில் ஆதாரமில்லை என்பது இந்த இருவரின் வாதம். எனக்கு அது ஒப்பவில்லை. அது 1931, 32. அமெரிக்கா பெரும் மந்தத்தில் சிக்கிக் கிடந்த காலம். அந்த அறை மூடப்பட்டதே வேலை இல்லாமல் போனதால்தான். இருக்கிற வேலையை இழுத்துச் செய்தால் இன்னும் சில வாரம் சம்பளம் வரும் என்று ஒருவர் நினைத்தால், அதில் உணர்ச்சி எங்கே இருக்கிறது? சுத்தமான கணக்கு.

இந்தக் கணக்கை உள்ளே போய்ப் பார்த்தவர் டொனால்ட் ராய். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தவர், 1944-45-ல் ஒரு மெஷின் ஷாப்பில் ரேடியல் டிரில் ஆபரேட்டராகப் பதினோரு மாதம் வேலை பார்த்தார். தான் ஆராய்ச்சி செய்ய வந்தவன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அடிப்படைக் கூலி மணிக்கு 85 சென்ட்; எவ்வளவு மெதுவாகச் செய்தாலும் அது நிச்சயம். பீஸ் ரேட்டில் அதற்கு மேல் சம்பாதிக்கலாம். ஆனால் மணிக்கு 1.25 டாலருக்கு மேல் கணக்கு எழுதக் கூடாது என்பது ஆட்களுக்குள் இருந்த உச்சவரம்பு. அதைத் தாண்டினால் மறுநாள் டைம் ஸ்டடிக்காரர் ஸ்டாப் வாட்சோடு வந்து நிற்பார், அப்புறம் ரேட் இறங்கும்.

ராய் கண்டது இரண்டு விதமான மந்தம். ரேட் தாராளமாக உள்ள வேலை அவர்களுக்கு அல்வா. சீக்கிரம் வரம்பைத் தொட்டுவிட்டு, மிச்ச நேரம் அரட்டை. ரேட் கட்டுபடியாகாத வேலை என்றால், எவ்வளவு குனிந்து நிமிர்ந்தாலும் 85 சென்ட்டைத் தாண்டாது. பிறகு எதற்காகக் குனிய வேண்டும்? அதில் கை அசையாது. வெளியே நின்று பார்க்கிற ஃபோர்மேனுக்கு இரண்டும் ஒன்றுதான்: சோம்பேறிகள். உள்ளே நின்று பார்த்தால் இரண்டுக்கும் நேர் எதிரான காரணம். ஒன்றில் ரேட்டைக் காப்பாற்றுகிறார்கள், மற்றதில் ரேட்டை எதிர்க்கிறார்கள். முதலாவதற்குத் தரும் மருந்தை இரண்டாவதற்குத் தந்தால் நோய் முற்றும். உங்கள் செக்‌ஷனில் மந்தம் தெரிந்தால் முதலில் கேட்க வேண்டியது, "எந்த வேலையில்?" என்பது.

இதில் ஒரு வேடிக்கை. முப்பது ஆண்டு கழித்து, 1974-ல், மைக்கேல் புரவோய் என்ற இன்னொரு ஆராய்ச்சி மாணவர் சிகாகோ பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டராகச் சேர்ந்தார். கொஞ்ச நாளில்தான் தெரிந்தது, அது ராய் வேலை பார்த்த அதே ஷாப். கம்பெனி கைமாறியிருந்தது, சங்கம் பலப்பட்டிருந்தது. வரம்பு மட்டும் அப்படியே. இந்தமுறை நிர்ணயித்த அளவில் 140 சதவீதத்துக்கு மேல் யாரும் எழுதவில்லை. மிச்சம் நாளைய கையிருப்பு. 1979-ல் வந்த அவர் புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது.

தனியே விட்டதும் 96

பயம் மேலிருந்து மட்டும் வருவதில்லை என்பதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் வர்ஜீனியா மாநிலம் மேரியன் ஊரில் இருந்த ஹார்வுட் பைஜாமா கம்பெனி. லெஸ்டர் கோச், ஜான் ஃப்ரெஞ்ச் என்ற இருவர் அங்கே நடத்திய ஆய்வு 1948-ல் வெளியானது. அயனிங் செக்‌ஷனில் ஒரு பெண். மணிக்கு 60 உருப்படி என்பது நிர்ணயம்; அவர் குழு 50-ஐ ஒட்டித்தான் ஓடியது. இவர் கை பழகி வேகமெடுத்ததும் மற்றவர்கள் குத்திக்காட்ட ஆரம்பித்தார்கள். இவர் எண்ணிக்கை 45 வாக்கில் இறங்கிவிட்டது. பிறகு குழுவைக் கலைத்து மற்ற எல்லோரையும் வேறு வேலைக்கு மாற்றினார்கள். இவர் மட்டும் அங்கேயே. நாலே நாளில் மணிக்கு 96. அதே கை, அதே மேசை, அதே இஸ்திரி.

இதைப் படித்துவிட்டு "அப்போ ஆட்களைப் பிரித்துப் போட்டுவிடலாம்" என்று கிளம்பிவிடாதீர்கள். அதே ஆய்வின் அடுத்த பாதி வேறு மாதிரி. வேலை முறையில் சின்ன மாற்றம் வந்தாலே அந்தக் கம்பெனியில் உற்பத்தி சரிந்தது, ஆட்கள் வேலையை விட்டுப் போனார்கள். ஒரு குழுவுக்கு, தேய்த்த துணியை அட்டைமேல் அடுக்குவதற்குப் பதில் பெட்டியில் அடுக்க வேண்டும் என்று மாற்றம். வழக்கம்போல் கூப்பிட்டு, புது முறை இது, புது ரேட் இது, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். முதல் நாற்பது நாளில் நூற்றுக்கு 17 பேர் வேலையை விட்டார்கள். எண்ணிக்கை ஏறவே இல்லை. வேறு குழுக்களில், செலவைக் குறைக்க வேண்டிய அவசியத்தைப் பொருளை முன்னால் வைத்தே காட்டி, எந்த அசைவைக் குறைக்கலாம், ரேட்டை எப்படிப் போடலாம் என்று அவர்களையும் சேர்த்து முடிவுசெய்தார்கள். அங்கே ஒருவரும் விலகவில்லை. சில வாரத்தில் பழைய எண்ணிக்கையையும் தாண்டினார்கள்.

இதே ஆய்வை நார்வேயில் ஒரு காலணி ஆலையில் செய்து பார்த்து 1960-ல் எழுதினார்கள்; அங்கே பலன் அவ்வளவாக இல்லை. யாருக்கு எதில் கருத்துச் சொல்ல உரிமை இருப்பதாகப் படுகிறதோ, அதில் கேட்டால்தான் பலிக்கும். கேன்டீன் மெனுவுக்குக் கமிட்டி போட்டுவிட்டு பீஸ் ரேட்டை அறைக்குள் பூட்டி முடிவுசெய்தால், ஆட்கள் சாம்பாரைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள்.

அகமதாபாத் தறிக்கூடம்

நம் நாட்டிலேயே நடந்த ஆய்வை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அந்த வருத்தம் உண்டு. அகமதாபாதில் சாராபாய் குடும்பத்தின் காலிகோ மில். ஆட்டோமேட்டிக் தறி வாங்கிப் போட்டிருந்தார்கள், எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து ஏ. கே. ரைஸ் 1953-ல் வந்து பார்த்தார்.

ஒரு ஷெட்டில் 224 தறி, ஒரு ஷிப்டுக்கு 29 ஆள், பன்னிரண்டு விதமான வேலை. நெய்கிறவருக்கு இத்தனை தறி, நூற்குச்சி நிரப்புகிறவருக்கு வேறு எண்ணிக்கை, அறுந்ததை ஒட்டுகிறவருக்கு இன்னொரு எண்ணிக்கை, எண்ணெய் விடுகிறவர், பெருக்குகிறவர் என்று பிரித்திருந்தார்கள். காகிதத்தில் கச்சிதம். தறிப்பக்கம் போய் நின்றால் ஒரு நெசவாளர் தன் தறி நின்றால் யாரைக் கூப்பிடுவது, கூப்பிட்டவர் இன்னொரு நெசவாளரின் தறியில் இருந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். எல்லோரும் ஒரே ஷெட்டில் இருந்தார்கள், ஆனால் குழு என்று ஒன்று இல்லை. யாருக்கும் 'நம்ம தறி' கிடையாது.

ரைஸ் சொன்னது சுலபம்: ஏழு பேர், அவர்களுக்கு 64 தறி, அந்தத் தறிகளுக்கு வேண்டியதெல்லாம் அவர்கள் பொறுப்பு. பேச்சு அடிபட்ட கொஞ்ச நேரத்திலேயே ஆட்களும் சூப்பர்வைசர்களும் தாங்களாகவே கூடிப் பேசி, யார் யாரோடு சேர்வது என்று பெயர்ப் பட்டியலோடு வந்துவிட்டார்கள். மேலே இருப்பவர்கள் திட்டத்தை முழுதாக எழுதி முடிக்கவில்லை, கீழே ஆரம்பமாகிவிட்டது. முதலில் உற்பத்தி தடுமாறியது. பிறகு ஏறியது, துணியில் சேதம் குறைந்தது.

யாரும் யாரையும் பொறுக்கி எடுக்கவில்லை. சேர்ந்து வேலை செய்யத் தோதானவர் யார் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. நீங்கள் ஷிப்ட் பட்டியல் போடும்போது ஒருமுறை பேனாவை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். சொந்தக்காரர்கள், ஒரே ஊர்க்காரர்கள் ஒன்றுசேர்ந்துகொள்வார்களே என்ற கவலை வரும். நியாயமான கவலை, சாதி புகுந்துவிடும் வழியும் அதுதான். அதனால் குழுவைத் தேர்ந்தெடுக்க விடுங்கள், யாரையும் எடுக்காமல் தனியே விட்டுவிட முடியாது என்ற நிபந்தனையோடு விடுங்கள்.

எரிக் மில்லர் என்ற இன்னொரு டாவிஸ்டாக்காரர் 1970 வாக்கில் திரும்பப் போய்ப் பார்த்தார். ஒரு ஷெட்டில் அந்த முறை ஏறக்குறைய அப்படியே நடந்துகொண்டிருந்தது. மற்ற இடங்களில் தேய்ந்து, பழைய முறைக்கே போயிருந்தது. சரக்கு ரகம் மாறிக்கொண்டே இருந்து, சூப்பர்வைசர்கள் நெருக்கடிக்கு நெருக்கடி உள்ளே புகுந்து ஆளை இழுத்து மாற்றிய இடத்தில் குழு நிலைப்பது கஷ்டம். அவசரத்துக்கு ஒரு ஆளை இங்கிருந்து அங்கே தூக்கிப் போடும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. ஒவ்வொரு முறையும் எதைக் கலைக்கிறோம் என்று அப்போது தெரிவதில்லை.

"ஓகே சார்"

மீட்டிங்கில் எல்லோரும் "ஓகே சார்" என்பதும் ஒரு 52-தான். சாலமன் ஆஷ் 1950-களில் செய்த சோதனை பிரபலம்: மூன்று கோடுகளில் எது இந்தக் கோட்டுக்குச் சமம் என்று கேட்பார், உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் முன்பே பேசிவைத்துத் தப்பான பதில் சொல்வார்கள். கண்ணுக்கு எதிரே தெரிகிற விஷயத்திலேயே, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பதில்கள் கும்பலோடு போயின. ஆனால் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொல்லிவிட்டால், தப்புப் பதில்கள் கால் பங்காகக் குறைந்தன. ஆகவே வேலையில் இளையவரை முதலில் பேசவிடுங்கள். நீங்கள் கடைசியில் பேசுங்கள். வாய் திறக்க மாட்டார்கள் என்று தெரிந்த விஷயத்துக்குத் துண்டுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

தவறுகளும் அப்படித்தான். ஏமி எட்மண்ட்சன் 1990-களில் இரண்டு மருத்துவமனைகளின் எட்டு வார்டுகளில் மருந்து மாறிப்போகும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை, நல்ல ஒற்றுமை உள்ள வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் வந்தது தலைகீழ். அங்கேதான் தவறு அதிகம். கொஞ்சம் குழம்பினார், பிறகுதான் பிடிபட்டது. அங்கே அதிகம் நடக்கவில்லை, அதிகம் சொன்னார்கள். மற்ற வார்டுகளில் திட்டு விழும் என்று தவறை மூடி வைத்தார்கள். 1996-ல் இதை வெளியிட்டார். ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் ஒரு வருஷமாகக் காலியாக இருக்கிறது என்று ஆடிட்டில் பெருமைப்படுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது.

என் லேத் செக்‌ஷன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மேனேஜர் மாறினார். புதியவரிடம் நான் இந்தமுறை நோட்டைக் கொண்டு போகவில்லை. மூத்த டர்னரைக் கூட்டிக்கொண்டு போனேன். டார்கெட்டை ஒரு வருஷத்துக்குத் தொட மாட்டோம் என்று எழுதி, மேனேஜர் கையெழுத்தோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். கரண்ட் போன நேரத்தைத் தனிக் கட்டத்தில் எழுத நோட்டில் ஒரு கோடு போட்டோம். முதல் வாரம் 52, 52, 52. அடுத்த வாரமும் 52. நோட்டீஸ் போர்டில் பேப்பர் ஓரம் சுருண்டு, யாரோ அதை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். நாலாவது வாரம் புதன்கிழமை ஒரு பையன் 57 என்று எழுதியிருந்தான். மறுநாள் அவனைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் 54, 55. சனிக்கிழமை மூத்தவர் பேனாவை வாங்கி, கொஞ்சம் யோசித்து, தன் பெயருக்கு நேரே 49 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இடுப்பு வலிங்க சார்" என்றார்.